கீழே என்ன ஓடுது

கஜபதி சாரைப் பற்றிக் கேட்கிறீர்கள்.
திரையின் அடியில் ஓடும் எழுத்தை
இருபத்திரண்டு வருஷம் தட்டியவள் நான்,
சத்துவாச்சாரியில் மூன்றாவது மாடி.
ஏசி இயந்திரங்களுக்கு மட்டும்தான்.
மே மாதத்தில் அவற்றின் பக்கத்தில் போய் நிற்பேன்,
ஏதோ ரிப்பேர் பார்ப்பதுபோல.

முதலில் அவரிடம் ஒரு ஏணி இருந்தது.
காகிதப்பட்டறையில் மாடிக்கு மாடி
கறுப்பு வயரை எறிந்து வேப்பங்கிளையில் சுற்றுவார்.
மாதம் நூறு ரூபாய்.
தராத வீட்டுக்கு
க்ளைமாக்ஸ் வரை பொறுத்திருந்து வெட்டுவார்.
அரசியலை அந்த ஏணியில்தான் படித்தேன் என்று
பின்னாளில் ஒரு பேட்டியில் சொன்னார்.
சிரித்துக்கொண்டே சொன்னதால் யாரும் பயப்படவில்லை.

பிறந்தநாள் வாழ்த்து இருபது,
மஞ்சள் நீராட்டு முப்பது,
கண்ணீர் அஞ்சலி நூற்றைம்பது.
ஏன் சார் இவ்வளவு என்றேன்.
"அழுகிற வீட்ல பேரம் பேச மாட்டாங்க, ஹேமா."
நான் தட்டினேன்.
என் அப்பா இறந்தபோது
அவரே பில்லைக் கிழித்துப் போட்டார்.
அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சென்னைச் சேனல் அவரை
வடமாவட்ட வணிகத் தலைவர் ஆக்கியது.
கோட்டை இருக்கிற ஊரில்
கோட்டுப் போட்டு நடந்தவர் அவர் ஒருவர்தான்,
நூற்றெட்டு டிகிரி வெயிலில்.
எங்கிருந்தாலும் இரவு பத்து மணிக்குப் போன் வரும்:
"கீழே என்ன ஓடுது?"
வாசித்துக் காட்டுவேன்.
நகைக்கடை, நர்சிங் காலேஜ், காணாமல் போன மாடு.
"சரி" என்று வைத்துவிடுவார்.

ஒருநாள் ராணிப்பேட்டைப் பக்கம் ஓடையோரம்
இரண்டு எருமைகள் வயிறு உப்பிக் கிடந்ததை
தாவூத் படம் பிடித்து வந்தான்.
நுரை, சோப்பு நுரை மாதிரி, ஆனால் நீலம்.
எட்டு மணிச் செய்தி என்று முடிவாகியிருந்தது.
ஆறு மணிக்குத் தோல் கம்பெனி மேனேஜர் வந்தார்,
கையில் ஸ்வீட் பெட்டி.
எட்டு மணிக்கு வானிலை வந்தது.
நிலவரத்தின் மூலையில்
ஒரு ஜோடி ஷூ பளபளத்தது, மூன்று வருஷம்.
தாவூத் இப்போது ஆஸ்பத்திரி எதிரில்
ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான்.
வங்காளத்திலிருந்து வருகிறவர்களின் ஸ்கேன் ரிப்போர்ட்டை
இரண்டு ரூபாய்க்கு நகலெடுத்துத் தருகிறான்.
"உள்ளதை உள்ளபடி" என்று போர்டு.

இரண்டு கட்சிக்கும் ஒரே ரேட் கார்டு;
அதற்கு நடுநிலை என்று பெயர் வைத்திருந்தார்.
பிறகு ஒரு கட்சி சீட்டே கொடுத்தது.
பாலாற்றில் தண்ணீர் ஓட வைப்பேன் என்று
ஜீப்பில் நின்று கும்பிட்டபடி போனார்.
தோல் கம்பெனி டீசல் போட்டது.

எண்ணிக்கை அன்று சுற்றுச் சுற்றாகத் தட்டினேன்.
ஒன்பதாம் சுற்றில் போன்:
"பின்னடைவுன்னு போடாதே. கடும் போட்டின்னு போடு."
போட்டேன்.
பதினான்காம் சுற்றில் போன் வரும் என்று
விரலைத் தூக்கி வைத்துக் காத்திருந்தேன்.
வரவில்லை.
நானாகத்தான் அந்தச் சொல்லைப் போட்டேன்.
பதினோரு எழுத்தா, எட்டா, இன்று நினைவில்லை.

நான்கு மாதத்தில் ஜெயித்தவர்களின் துண்டு தோளில்.
ஏதோ ஒரு வாரியம், ஏதோ ஒரு கார்.
அவர்களுக்கும் ஒரு சேனல் வேண்டியிருந்தது.

போன நவம்பரில்
யாரும் வாக்குறுதி தராமலே
ஆறு வந்தது.
கரைக்குக் கரை, செம்மண் நிறத்தில்,
தென்னைமரங்களை வேரோடு தூக்கிக்கொண்டு.
ஊரே பாலத்தில் நின்றது, கையில் போனோடு.
எங்கள் சேனலைப் பார்க்க
வீட்டில் ஒருவரும் இல்லை.
அவரும் பாலத்தில்தான் இருந்தார் போல,
இரைச்சல் கேட்டது.

"ஹேமா, கீழே என்ன ஓடுது?"

"ஆறு, சார்."

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.
எனக்கு முன்னால் திரையில்
அவருடைய பிறந்தநாள் வாழ்த்துத்தான்
ஓடிக்கொண்டிருந்தது, வாரிய ஊழியர்கள் பேரில்.
பணம் இன்னும் வரவில்லை.